பறவை, கால்கள் இரண்டு, உரிமையாளர் உண்டு

எங்கள் பல்கலைக்கழகம் ஒரு நாள் காலை, இனிமேல் புதிதாக எதையும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தது.

இது மாணவர்களைப் பற்றிய முடிவு அல்ல. நாங்கள் ஏற்கெனவே எதையும் புதிதாக எழுதுவதில்லை. இது பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களைப் பற்றியது.

அதுவரை எங்கள் கணினி மையத்தில், அந்தந்த நாற்காலியில் அப்போது யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் தனக்குத் தோன்றியபடி நிரல் எழுதுவார். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்தமாக ஒரு தவறு இருந்தது. தேர்வு முடிவுப் பக்கம் பாஸானவர்களுக்கு அனுதாபம் தெரிவித்தது. நூலகப் பக்கம், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களிடம் மட்டும் புத்தகத்தைக் கேட்டது. இந்த நிலையைச் சீர்திருத்தும் பொருட்டு கணினி மையத்தின் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குச் சென்றார். திரும்பி வரும்போது ஒரு பை, கழுத்தில் தொங்கும் ஒரு அட்டை, ஒரு கொள்கை ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். அட்டையை அவர் வெகுநாள் கழற்றவில்லை.

கொள்கையின் பெயர் மறுபயன்பாடு. கொள்கையில் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுப் படிவம், தேதி காட்டும் கட்டம், சர்வரை ஓடவைக்கும் அமைப்பு என்று எங்கோ ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்த நிரல் துண்டு இருக்கும். அதை எடுக்க வேண்டும், படித்துப் பார்க்க வேண்டும், நமக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், பயன்படுத்த வேண்டும். உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகம் இதில் முதலாவதையும் கடைசியையும் ஏற்றுக்கொண்டது. நடுவில் இருந்த இரண்டும் காலவிரயம் என்று குழு கருதியது.

ஆம், குழு இருந்தது. 'நிரல் துண்டுகள் ஏற்பு மற்றும் பாதுகாப்பு உயர்மட்டக் குழு.' எடுத்த துண்டுகளையெல்லாம் அது களஞ்சியம் என்று ஓரிடத்தில் சேர்த்துவைத்தது. அது வெளியிட்ட முதல் சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: "களஞ்சியத்திலுள்ள துண்டுகள் யாதொரு மாற்றமுமின்றி, எழுத்துப் பிசகாமல் ஒட்டப்படவேண்டும். மாற்றப்பட்ட துண்டு புதிய துண்டாகவே கருதப்படும். புதிய துண்டு இதுவரை எங்கும் பயன்படாததாகையால், மறுபயன்பாட்டுக்குத் தகுதியற்றதாகும்."

கீழே தடித்த எழுத்தில்: "எழுதாதே, எடுத்து ஒட்டு."

இந்த வாசகம் சுவரில் ஏறியது, டீ குடிக்கும் கோப்பையில் ஏறியது, துறைத் தலைவர்களின் சட்டையில் வில்லையாக ஏறியது. வில்லை இல்லாதவர்கள் பழமைவாதிகள் என்று பேசப்பட்டார்கள். புதிய துணைவேந்தர் பொறுப்பேற்ற அன்று இயக்குநர் வரவேற்புரையைக்கூடக் களஞ்சியத்திலிருந்துதான் எடுத்து வாசித்தார். "அன்னாரின் பிரிவு ஈடுசெய்ய இயலாதது. அவர் விட்டுச்சென்ற இடம் என்றும் வெற்றிடமே" என்று குரல் தழுதழுக்க முடித்தார். துணைவேந்தர் எழுந்து நன்றி சொன்னார். அவருடைய உரையும் அதே களஞ்சியத்தைச் சேர்ந்தது. மணமக்களை வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது. கைதட்டல் மட்டும் எங்களுடைய சொந்தம்.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பதிவுப் பக்கம் திறக்கும்வரை.

நான் சட்டம் படிக்கிறேன், இறுதி ஆண்டு. எதற்கெடுத்தாலும் மேல்முறையீடு செய்வேன் என்பதால் வீட்டில் எனக்கு அப்பீல் என்று பெயர். இறுதி ஆண்டுக்கு ஒவ்வொருவரும் இணையப் பக்கத்தில் பதிவுசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதியாவிட்டால் அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போய்விடும். போய்விட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. அத்தையின் துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எனக்காகத் துடைத்துவைக்கப்பட்டிருந்தது. "படிச்சது போதும், கடைக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்" என்று அத்தை பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அப்பா என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையோடு வாதாடித்தான் நான் ஒவ்வொரு வருஷமும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்கப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் ஒரு அறிவிப்பு வந்தது.

"மன்னிக்கவும். டாக்டர் தற்போது ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சற்றுக் காத்திருக்கவும்."

"எந்த டாக்டர்?" என்றார் அம்மா.

"சர்வர்ல கூட்டமா இருக்குன்னு அர்த்தம்மா" என்றான் அண்ணன். அவன் கணினிச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்ப்பதால் எங்கள் வீட்டில் அவன்தான் நிபுணன்.

பசு பெற்றெடுத்தபின் படிவம் வந்தது. பெயர். சரி. வயது. சரி. கால்களின் எண்ணிக்கை.

"என்னடா இது?"

"ரெண்டுன்னு போடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

இரண்டு என்று போட்டேன். உடனே அடுத்த கட்டத்தில் 'வகை: பறவை' என்று தானாக விழுந்தது. அழித்தேன். மறுபடியும் விழுந்தது. நான்கு என்று போட்டால் நாய், பூனை, மாடு, குதிரை என்று நல்ல நல்ல வாய்ப்புகள் இருந்தன. இரண்டு காலுக்கு வேறு வழியே இல்லை.

"பறவைன்னா கௌரவமாத்தானே இருக்கு" என்றார் அப்பா.

'கடிக்குமா?' என்று கேட்டது அடுத்த கட்டம்.

"ஆம்" என்று அண்ணனும் அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். போட்டேன்.

'கருத்தடை அறுவை செய்யப்பட்டதா?' அப்பா, தண்ணீர் மோட்டாரை அணைத்தோமா என்று பார்க்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் கடைசிக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

'உரிமையாளர் பெயர். கட்டாயம் நிரப்பவும்.'

"அப்பா பேரைப் போடு" என்றான் அண்ணன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கேக்குறான்ல."

"நான் யாருக்கும் சொந்தப் பொருள் இல்ல."

"ஆரம்பிச்சுட்டா. சரி, அப்பா பேரு வேண்டாம்னா என் பேரைப் போடு. அப்பாவுக்கு அப்புறம் நான்தானே."

"நீயா?" என்று அம்மா திரும்பினார். "பெத்தது நான், வளத்தது நான், உரிமையாளர் இவனாம். போடுடி என் பேரை."

"அம்மா, யாரு பேருங்கறது இல்ல பிரச்சினை."

"பின்ன என்ன? எல்லா ஃபாரத்துலயும் அப்பா பேருதான். இந்த ஒண்ணுல என் பேரு இருந்தா குறைஞ்சா போயிடும்?"

இருவரும் என்மேல் யாருக்கு உரிமை என்று சண்டை போட்டார்கள். உரிமையே கிடையாது என்ற என் தரப்பை யாரும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

படிவத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 'உரிமையாளர் இல்லை: தெருவில் திரிவது.' அதைத் தொட்டதும் பக்கத்தில், 'பிடித்துச் செல்ல ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் முளைத்தது. ஒன்று யாருக்காவது சொந்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் திரிகிறவள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதியை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் எங்கேயோ நிறையக் கேட்ட மாதிரி இருந்தது.

பக்கத்தை மூடிவிட்டுக் கணினி மையத்துக்குப் போனேன்.

அங்கே இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவரை மாணவர்கள் பசை என்று அழைப்போம். முன்பு நன்றாக நிரல் எழுதுவாராம். கொள்கை வந்தபின் காலையில் வந்து எடுப்பார், மாலைவரை ஒட்டுவார். நான் போனபோது சர்வர் அறையின் வாசலில், குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பதிவுப் பக்கம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஏன், நல்லா ஓடலையா?"

"என்னைப் பறவைங்குது சார்."

"ஓ, ஓடுது" என்று நிம்மதியானார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பஸ் நிலையத்துக்குப் பின்னாடி கால்நடை ஆஸ்பத்திரி இருக்குல்ல? அவங்க பக்கம். படிவமும் அவங்களுதுதான், சர்வர் அமைப்பும் அவங்களுதுதான். அப்படியே தூக்கி ஒட்டியாச்சு."

"ஊர்ல வேற பக்கமே கிடைக்கலையா?"

"குழு தேடிப் பார்த்துச்சும்மா. பல வருஷமா ஓடி, பயனாளிகள்கிட்டேருந்து ஒரு புகார்கூட வராத பக்கம் அது ஒண்ணுதான்."

"மாடு எப்படி சார் புகார் எழுதும்?"

"நானும் அதைச் சொன்னேன். காரணம் வேண்டாம், எண்ணிக்கை போதும்னுட்டாங்க."

"உரிமையாளர்ங்கற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்களேன்."

பசை தன் விரல்களைப் பார்த்தார். "எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். எடுத்தா அது புதுத் துண்டு. புதுத் துண்டை எங்கயாவது ஓட்டி, ஒரு வருஷம் புகார் இல்லாம இருந்தாத்தான் இங்க ஒட்டலாம். வேணும்னா ஒண்ணு செய்யலாம். எடுக்கத்தான் கூடாது, சேக்கலாம். சினிமா தியேட்டர் துண்டு ஒண்ணு இருக்கு. ஒட்டினா வகுப்புல எந்த வரிசைல உக்காரணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பாப்கார்ன் வேணுமான்னும் கேக்கும்."

வேண்டாம் என்றேன்.

மறுநாள் குழுவுக்குக் காரசாரமாக ஒரு மனு அனுப்பினேன். மாணவர் சங்கத்தில் மனுவுக்கென்று ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் அதை எடுத்து, தொடக்கத்தில் என் கோபத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, அதன் கடைசிப் பத்தியில் கோரியுள்ளபடி, பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடிக் குடிநீர்க் குழாய் பழுதுபார்க்கப்பட்டது." மாதிரியை எழுதிய பழைய மாணவியின் குறை அது. நான் விடுதியில் தங்குவதுகூட இல்லை. எங்கள் பல்கலைக்கழக வரலாற்றில் மனு கொடுத்து நடந்த ஒரே காரியம் அந்தக் குழாய்தான் என்று சொல்கிறார்கள். விடுதிப் பெண்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இதற்குள் சுற்றறிக்கை ஒன்று வந்துவிட்டது. "உரிமையாளர் இல்லாத மாணவ மாணவியர் உடனடியாக ஒரு உரிமையாளரை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்." பையன்கள் முதல் நாளே கூட்டமாகப் போய்க் கத்திவிட்டு, சாவகாசமாகத் 'தெருவில் திரிவது' என்று போட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் அப்பா பெயரைப் போட்டார்கள். கல்யாணம் ஆனவர்கள், அப்பாவா கணவரா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போட்டார்கள். கட்டமே தப்பாக இருக்கிறது என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இயக்குநரைப் பார்க்கப் போனேன். கழுத்தில் மாநாட்டு அட்டை. மேஜையில் வாசகக் கோப்பை.

"உட்காரும்மா. நீதானே குழாய்க்கு எழுதினது? நல்ல மனு."

"சார், அது வேற. பதிவுப் படிவத்துல உரிமையாளர் பேர் கேக்குறாங்க."

"போட வேண்டியதுதானே."

"எந்தச் சட்டப்படி சார் ஒரு மனுஷி இன்னொருத்தருக்கு உடைமை?"

"சட்டம் வேற, படிவம் வேற. சட்டத்தை மீறினா வாதாடலாம். படிவத்தை மீறினா அடுத்த பக்கமே வராது." தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய் அதைக் குறித்துக்கொண்டார். "இத்தனை பொண்ணுங்க போட்டிருக்காங்க. யாருக்காவது வலிச்சுதா?"

"வலிக்கலைங்கறதுதான் சார் எனக்குக் கவலை."

"பாத்தியா, உனக்கே புகார் இல்ல. கவலை மட்டும்தான். கவலைக்குக் களஞ்சியத்துல இடம் கிடையாது."

"சரி சார். இதுவரைக்கும் எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்கன்னாவது சொல்லுங்க."

அவர் பெருமையோடு கணினியைத் திருப்பினார். தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தட்டினார். திரையில் ஒரு பூஜ்யம் இருந்தது.

"யாருமே இல்லையே" என்றேன்.

"ஒருவருமே புகார் செய்யவில்லை என்பதன் அடையாளம்" என்று ஆரம்பித்தார். அப்போது போன் அடித்தது. எதிர்முனையில் பேசிய பெண் குரல் எனக்கும் கேட்கும் அளவுக்கு இருந்தது.

"கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன். இந்த வாரம் எங்க சர்வர்ல ஆயிரக்கணக்குல பறவைகள் பதிவாயிருக்கு. எல்லாத்துக்கும் வயசு இருபதுக்குப் பக்கம். பாதி கடிக்கும்னு போட்டிருக்கு. எங்கயாவது பறவைப் பண்ணை எரிஞ்சுபோச்சா? உங்க முகவரிதான் எல்லாத்துலயும் இருக்கு."

பசையைக் கூப்பிட்டார்கள். அவர் கழுத்துத் துண்டோடு வந்து நின்றார்.

"நிரப்பின விவரமெல்லாம் எந்த சர்வருக்குப் போகணும்னு துண்டோட கடைசில ஒரு முகவரி இருக்கும் சார். ஒட்டுறவங்க அதை எடுத்துட்டு அவங்க முகவரியைப் போடணும். நாமதான் எழுத்துப் பிசகாம ஒட்டியிருக்கோமே. அதனால எல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கு."

"மாத்தியிருக்க வேண்டியதுதானே!"

"மாத்தினா புதுத் துண்டு சார்."

இயக்குநர் கோப்பையில் இருந்த வாசகத்தை மறுபடி வாசித்தார். கொள்கை அப்படியே நீடித்தது. அவர் ஒரு நிர்வாகி.

குழு அவசரமாகக் கூடியது. விவரங்களைத் திருப்பி அனுப்புமாறு ஆஸ்பத்திரியிடம் கேட்டார்கள். உள்நோயாளிகளின் விவரத்தை உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்று ஆஸ்பத்திரியின் விதி சொன்னது. மறுபடி பதியச் சொல்லலாம் என்றார் ஒருவர். மறுபடியும் அங்கேதான் போகும் என்றார் பசை. கடைசியில் ஒரு நாள் அவகாசம் நீட்டித்துச் சுற்றறிக்கை வந்தது: "ஆஸ்பத்திரியில் பதிவாகியுள்ள அனைத்து மாணவ மாணவியரும் சனிக்கிழமை மாலைக்குள் உரிமையாளருடன் நேரில் சென்று, டிஸ்சார்ஜ் சான்று பெற்று வந்து, அதைக் காட்டி இறுதி ஆண்டு இடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்."

சனிக்கிழமை கால்நடை ஆஸ்பத்திரி முற்றத்தில் நிற்க இடமில்லை. வேப்பமரத்தடியில் அப்பாமார்கள் மகள்களின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். நடுநடுவே மாடுகள். ஒரு கன்றுக்குட்டி முன்னால் நின்ற முதுகலை மாணவியின் துப்பட்டாவை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே டாக்டரம்மா ரப்பர் காலணியும் மடித்துவிட்ட கைகளுமாக, தலை நிமிராமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தது. என்ன தொந்தரவு?"

"வயிறு உப்பியிருக்கும்மா."

"மாட்டுக்கா, பொண்ணுக்கா?"

"மாட்டுக்கு."

"அந்தப் பக்கம். அடுத்தது."

'தெருவில் திரிவது' என்று போட்ட பையன்களின் நிலைமைதான் மோசம். சர்வர் அமைப்பும் எழுத்துப் பிசகாமல் ஒட்டப்பட்டிருந்ததால், அது தன் கடமையைச் செய்து, தெருப் பிராணிகளைப் பிடிக்கும் வண்டிக்குத் தகவல் அனுப்பிவிட்டது. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவர்களை வண்டி வரிசையாக ஏற்றி வந்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன் என்று அவர்களே டிக் போட்டிருந்ததால் வாதாடவும் வழியில்லை. இப்போது கம்பி அடைப்புக்குள் நின்றார்கள். தெருப் பிராணியை யாராவது தத்தெடுத்தால்தான் வெளியே விடலாம் என்பது விதி.

"ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி, என்னை எடுத்துக்குங்க. நான் நிறைய சாப்பிடமாட்டேன், தொந்தரவே தரமாட்டேன்" என்று முதல் நாள் கத்தியவர்களில் ஒருவன் கம்பிக்குள்ளிருந்து கெஞ்சினான்.

என்னோடும் அப்பாவோடும் வந்திருந்த அம்மா அவனிடம் போனார். "இதாவது என் பேர்ல இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. அப்பா பின்னால் நின்றார். டாக்டரம்மா திரையில் தேடினார்.

"உன் பேரே இல்லையே."

"நான் பதியல டாக்டர்."

"ஏன்?"

"உரிமையாளர் பேர் கேட்டுச்சு. எனக்கு உரிமையாளர் கிடையாது."

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இந்த வாரம் முழுக்க நான் பார்த்ததுல நீ ஒருத்திதான் மனுஷி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அட்மிட் ஆகாத உன்னை நான் எப்படி டிஸ்சார்ஜ் பண்றது?"

"சான்று இல்லன்னா என் இடம் போயிடும்."

"அப்பீல்" என்று அப்பா மெதுவாகக் கூப்பிட்டார். "அத்தை காலையிலயே போன் பண்ணிட்டா. பிடிவாதம் பிடிக்காத. என் பேரைப் போட்டுத் தொலை."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கட்டத்தில் அவர் பெயர் வந்தால் அவருக்குப் பெருமையாகக்கூட இருக்காது, பழக்கமாக இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், உரிமையாளர்னு யார் பேரை வேணும்னாலும் போடலாமா?"

"போடலாம். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு அழைச்சுட்டுப் போகணும். வரமாட்டேன்னா பிராணியைக் கைவிட்ட குற்றம். போலீசுக்கு எழுதுவேன்."

வரவேற்பு மேஜையில் இருந்த கணினி முன்னால் உட்கார்ந்தேன். கால்கள் இரண்டு. வகை பறவை. கடிக்குமா என்பதை மட்டும் காலியாக விட்டேன். உரிமையாளர் பெயர்: இயக்குநர், கணினி மையம்.

டாக்டரம்மா படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், உங்க பறவை ஒண்ணு இங்க இருக்கு. வந்து அழைச்சுட்டுப் போங்க... உங்களுதுதான் சார், உங்க பேர்தான் இருக்கு... இல்ல சார், மாத்த முடியாது, மாத்தினா புதுத் துண்டாயிடும்னு உங்க ஆள்தான் சொன்னாரு... கைவிட்டா எந்தப் பிரிவுன்னு சொல்லட்டுமா? பறவையே சட்டம் படிச்சிருக்கு, பக்கத்துலதான் நிக்குது."

இயக்குநர் வந்தார். கழுத்து அட்டையோடு, மாடுகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு, வரிசையில் நின்று வந்தார். முற்றம் முழுக்க அவரையே பார்த்தது. கன்றுக்குட்டி துப்பட்டாவை விட்டுவிட்டு அட்டையை முகர்ந்தது. டாக்டரம்மா நீட்டிய தாளை அவர் உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. "மேற்படி பறவை என்னுடையது. இனி இதைத் தெருவில் விடமாட்டேன். வேளாவேளைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பேன்."

"இதுல ஒரு கட்டம் காலியா இருக்கு. உரிமையாளர்தான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. "கடிக்குமா?"

இயக்குநர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்" என்றார்.

எனக்கு இடம் கிடைத்தது. துணிக்கடை நாற்காலியில் இப்போது அத்தையே உட்கார்கிறார். இத்தோடு நான் ஜெயித்ததாகக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் குழு மறுபடி கூடியது.

நடந்த பதிவுகளிலேயே அதிவேகமாக, ஒரே நாளில், புகாரின்றி முடிந்தது என்னுடையதுதான் என்று குழு கண்டறிந்தது. ஆகவே என் பதிவு முன்மாதிரித் துண்டாக ஏற்கப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. இந்த ஆண்டு முதல் படிவத்தில் உரிமையாளர் பெயரை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. இயக்குநர் பெயர் ஏற்கெனவே அச்சாகி இருக்கும், அழிக்க முடியாது. வேலை மிச்சம் என்று மாணவர்கள் வரவேற்றார்கள். பெரிய மனிதர் கையில் பிள்ளை இருக்கிறது என்று பெற்றோர்கள் நிம்மதியானார்கள். இதைக் கேள்விப்பட்ட மற்றப் பல்கலைக்கழகங்களும் துண்டை வாங்கி, எழுத்துப் பிசகாமல், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பிறகு ஒரு வங்கி. பிறகு ஒரு திருமணப் பதிவு அலுவலகம். அங்கே மணமகள் மட்டும் பறவை. மணமகன் கட்டத்தை அவர்கள் வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரி சர்வர் அந்த வாரத்துக் கூட்டத்தில் படுத்துவிட்டது. புதிய பக்கம் கேட்ட டாக்டரம்மாவுக்கு மேலிடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கொடுத்தது. நேற்று ஒரு எருமையை வருகைப் பதிவு போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நான் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கப் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை மனுவை நானே எழுதினேன். யாரும் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எங்கே என்று கேட்டு, படிக்காமல் போட்டுக் கொடுக்கிறார்கள். நம் இயக்குநரும் போட்டார்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் போன வாரம் ஏதோ ஒரு பக்கத்தில், 'அனைத்தையும் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனீர்களே, அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது? எனக்காவது என் உரிமையாளர் யார் என்று தெரியும். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்.